கத்தி படாது என்ற வாக்கு

பாஸ்டர் மாசிலாமணிக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்தெட்டு வருஷ ஊழியம். இருநூறு பேர் கூடும் பெந்தெகொஸ்தே சபை. இந்த வயதில் இறையியல் மேல்படிப்புக்கு வேதாகமக் கல்லூரியில் வந்து உட்கார்ந்திருந்தார். பாடம் எடுத்த சுசன்னாள் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். முதலில் அது உறுத்தியது. பிறகு போய்விட்டது.

அன்றைய வகுப்பு, கர்த்தர் பேசியதாகச் சொல்லப்படும் தீர்க்கதரிசனத்தைச் சோதித்துப் பார்ப்பது பற்றி. மணி அடித்ததும் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். இவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன பாஸ்டர், உபவாசமா?"

"இல்லை மேடம். ஒரு கேள்வி."

"பரீட்சைக்கு வராத கேள்வின்னா கேளுங்க."

அவர் சிரிக்கவில்லை.

"பேசினது கர்த்தரா, நானா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"யார்கிட்ட என்ன பேசினீங்க?"

சொன்னார். சபையில் அன்னபாக்கியம் என்று ஒரு சகோதரி. மார்பில் கட்டி. புற்று என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை ஆபரேஷன். போன ஞாயிறு ஆராதனையில் அழுதுகொண்டு நின்றாள். பாட்டு உச்சத்தில் இருந்தது. இவர் போய் அவள் தலையில் கை வைத்தார். 'மகளே, கத்தி உன்மேல் படாது என்று கர்த்தர் சொல்லுகிறார்.' வாய் சொல்லிவிட்டது. சபை முழுக்க அல்லேலூயா.

"இப்போ ஆஸ்பத்திரிக்கே போகமாட்டேங்கிறாங்க. வீட்டுக்காரர் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிட்டார். 'வாக்கு கொடுத்தது நீங்க, நீங்களே சொல்லுங்க'ங்கிறார்."

"சொல்லவேண்டியதுதானே?"

"கர்த்தர் சொன்னதா இருந்தா? அதை நான் மாத்தலாமா?" குரல் இறங்கியது. "அவர் சொல்லாததா இருந்தா, அந்தம்மா செத்துப்போவாங்க மேடம்."

சுசன்னாள் ஒரு வெள்ளைத் தாளை அவர்முன் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார்.

"சொன்னதை அப்படியே எழுதுங்க."

எழுதினார். ஒரு வரிதான்.

"கீழே கையெழுத்து."

"என் வார்த்தை இல்லையே."

"சரி. அப்போ கர்த்தர் பேரைப் போடுங்க."

பேனா தாளைத் தொடவில்லை. கை ஆடியது. மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அவர் கையெழுத்தை நான் எப்படிப் போடுறது மேடம்?"

"ஞாயித்துக்கிழமை போட்டீங்களே. அப்போ கை ஆடலையா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். எண்ணை அழுத்துவதற்குள் இரண்டு தடவை தப்பிப்போயிற்று.

"ஸ்தோத்திரம் சிஸ்டர். பாஸ்டர் பேசுறேன். காலையில ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. அன்னைக்கு நான் சொன்னது... உங்களுக்கு நல்லாகணும்கிற ஆசையில சொன்னது. அதைக் கர்த்தர் தலையில வச்சேன். தப்பும்மா."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தார். போகவில்லை.

"என் மகளுக்குக் குழந்தை பிறக்கும்னு சொன்னீங்களே பாஸ்டர்," என்றாள் அன்னபாக்கியம். "பிறந்துச்சே. அது யாரு சொன்னது?"

போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"என்ன சொல்றது மேடம்? இருபத்தெட்டு வருஷமும் போயிடும்."

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

கையை எடுத்தார்.

"தெரியலைம்மா."

விசும்பல் கேட்டது. மூக்கைச் சிந்தும் சத்தம். பிறகு அவள் கேட்டாள்.

"நீங்க வருவீங்களா? நீங்க வந்தாத்தான் போவேன்."

"இப்பவே பஸ் ஏறுறேன்."

போனை வைத்தபின்னும் அவர் எழுந்திருக்கவில்லை. வரி எழுதிய தாளை நாலாக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோறதுக்கு முன்னாடி ஜெபிக்கச் சொல்லுவாங்க மேடம். நான் என்னன்னு ஜெபிப்பேன்? கர்த்தர் பேரைச் சொல்லவே எனக்குப் பயமாயிருக்கு."

"அந்தப் பயத்தையே சொல்லி ஜெபிங்க," என்றார் சுசன்னாள். "அது யார் வார்த்தைன்னு உங்களுக்குச் சந்தேகம் வராது."