பட்டத்துப் பசு சாப்பிட்ட விருந்து

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை கொஞ்சமாகவும் ஓய்வு நிறையவும் இருந்த நாளில், ஒரு ராஜாவுக்கு விபரீத ஆசை ஒன்று வந்தது. தன் பட்டத்துப் பசு செங்கமலமும் தன்னைப் போலவே சாப்பிட வேண்டுமாம்.

"எம் தட்டில் என்ன இருக்கிறதோ அதுவே செங்கமலத்துக்கும். வேறெதுவும் அவள் வாயில் படக்கூடாது" என்று கட்டளையிட்டார்.

அன்றுமுதல் செங்கமலத்துக்குச் சர்க்கரைப் பொங்கல், நெய்ச்சோறு, அதிரசம். முதலில் அதுவும் நாக்கைச் சுழற்றிச் சுழற்றித்தான் தின்றது. பிறகு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பியது. ராஜா தொழுவத்துக்கு ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து இன்னொரு அதிரசம் ஊட்டினார்.

விகடகவி தாண்டவராயனுக்குப் பசுவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சபையில் எழுந்து, "மகாராஜா, செங்கமலத்துக்கு வைக்கோல் கொடுக்க உத்தரவாக வேண்டும். இல்லையென்றால் அவள் பிழைக்கமாட்டாள்" என்றான்.

உடனே விருத்தகிரி எழுந்தார். ராஜாவின் சாப்பாட்டை முதலில் ருசி பார்க்கும் சோதகர் அவர். அவர் மென்று விழுங்கி "நலம்" என்று சொன்ன பிறகுதான் ராஜா தட்டைத் தொடலாம். ராஜா தாண்டவராயனோடு சிரித்துப் பேசுவது அவருக்கு நெடுநாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா வாக்கு மாறலாமா? தாண்டவராயர் பெரிய கெட்டிக்காரராயிற்றே. கட்டளையை மீறாமல் பசுவைக் குணப்படுத்தட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

வாக்கு என்றதும் ராஜாவுக்கு மீசை நிமிர்ந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும்" என்றார்.

தாண்டவராயன் நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனான்.

மறுநாள் மதியம் ராஜா நல்ல பசியோடு வந்து உட்கார்ந்தார். தங்கத் தட்டு வந்தது. அதில் ஒரு குவியல் வைக்கோல். பக்கத்தில், சுக்கு, ஓமம், பெருங்காயம், வெல்லம் எல்லாம் சேர்த்து இடித்துப் பிடித்த எலுமிச்சையளவு உருண்டைகள்.

"இது என்ன?" என்றார் ராஜா.

"தங்கள் தட்டில் உள்ளதுதான் பசுவுக்கு என்பது கட்டளை, மகாராஜா. ஆகையால் பசுவுக்கு வேண்டியதைத் தங்கள் தட்டில் வைத்துவிட்டேன். சோதகர் ருசி பார்க்கட்டும்."

ராஜா விருத்தகிரியைப் பார்த்தார். வாக்கு மாறக்கூடாது என்று சபையறியச் சொன்னவர் அவர்தானே. விருத்தகிரி ஒரு பிடி வைக்கோலை வாயில் போட்டார். மென்றார். இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்குத் தள்ளி மறுபடியும் மென்றார். கண்ணில் நீர் வந்ததே தவிர வைக்கோல் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"ஓய் சோதகரே, எனக்குப் பசி உயிர்போகிறது. இன்னும் எத்தனை நேரம்?"

விருத்தகிரி வாயைத் திறந்தார். வைக்கோல்தான் எட்டிப் பார்த்தது.

"அவரைக் கோபித்துப் பயனில்லை, மகாராஜா" என்றான் தாண்டவராயன். "பசுவின் வயிற்றில் நாலு அறை. வைக்கோலை விழுங்கும், திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும், அப்புறம்தான் செரிக்கும். சோதகருக்கு இருப்பது ஒரே வயிறு. அவருக்கு வைக்கோல் எப்படியோ, செங்கமலத்துக்கு நெய்ச்சோறு அப்படி."

ராஜா பசி தாங்காமல் ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. வாசல் காவலன் யாரோ கூப்பிட்டதாக நினைத்து உள்ளே ஓடிவந்தான்.

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே கட்டளையை ரத்து செய்தார். மீதி உருண்டைகளை நல்லெண்ணெயில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கமலத்துக்குக் கொடுத்தார்கள். மாலைக்குள் அதுவும் ராஜாவைத் தோற்கடிக்கும்படி ஓர் ஏப்பம் விட்டது. வயிறு வடிந்தது. வைக்கோலைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது.

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேளும்."

"செங்கமலத்துக்கு இனி விருந்து வேண்டாம், மகாராஜா. ஆனால் சமையற்கட்டில் அவள் பங்கையும் சமைத்துப் பழகிவிட்டார்கள். பாவம், அவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டாம். அந்தப் பங்கை என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாங்கள் எட்டுப் பேர், எப்படியாவது சமாளித்துக்கொள்கிறோம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிரவே தாண்டவராயன் வீட்டு வாசலில் அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்து இறங்கியது.