உலகம்மாளுக்கு வந்த உடைஞ்ச மெயில்

ஒரு ஊர்ல ஒரு பொறாமைக்காரி இருந்தாளாம். எந்த ஊருன்னா தென்காசி. யாருன்னா நான்தான், என் பேரு நாச்சி. எடுத்தவுடனே சொல்லிட்டேன், நடுவுல எந்திரிச்சு உக்காந்து யாரு யாருன்னு கேக்கக் கூடாது. உங்கம்மா கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள நீ தூங்கணும். நீ கேட்ட கதைதான், நீ வீட்டுக்கு வந்த கதை. உங்கம்மா அதை ஒரு மாதிரி சொல்லுவா. இந்தப் பெரியம்மா வேற மாதிரி சொல்லுவேன். ம் கொட்டு.

ம். அப்போ நான் மைதீன் சார் ஆபீஸ்ல இருந்தேன், அரிசிக்கடை மாடியில. கம்ப்யூட்டர்ல டக் டக் டக்னு எழுதற வேலை. நாங்க எழுதினதுக்கு லைப்ரரின்னு பேரு. புத்தகம் அடுக்கற லைப்ரரி இல்ல. ஒருத்தர் எழுதி வெச்சா ஊரே எடுத்து உபயோகிக்கற கோட். மெயிலுக்குத் தலையில யாரு எழுதறா, எதுக்கு எழுதறான்னு வரி இருக்கும்ல? அதைத் திறந்து காட்டறதுதான் எங்க லைப்ரரி வேலை.

அதை எதுக்குத் திறக்கணும்? மெயில் போற ரோடு ரொம்பப் பழசு கண்ணு. அந்தக் காலத்துல இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் அதுல நடந்து போகும். தமிழ் எழுத்து போகணும்னா பெட்டிக்குள்ள உக்காந்துதான் போகணும். பெட்டியோட முன்வாசல்ல ஒரு சமக்குறி, ஒரு கேள்விக்குறி. கொல்லைவாசல்ல ஒரு கேள்விக்குறி, ஒரு சமக்குறி. உள்ள என்ன எழுத்து, எப்படி மடிச்சிருக்குன்னு மேலயே சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டைப் படிச்சு, பெட்டியைத் திறந்து, எழுத்தை உதறி எடுக்கணும். ஆறு வருஷமா அதைத் திறக்கற கோட் என்னுதுதான். என் பேரு அதுல இருந்துச்சு.

அப்புறம் வந்தா உங்கம்மா உலகம்மாள். குழந்தை வேணும்னு ஒரு இல்லத்துல எழுதிக் குடுத்துட்டு நாலு வருஷமா காத்துக்கிட்டிருந்தா, அது ஆபீஸுக்கே தெரியும். வந்த மூணே வாரத்துல புதுசா ஒண்ணு எழுதிட்டா. என்னுது நூறு பக்கம்னா அவளுது பத்து பக்கம். எனக்கு வயிறு எரிஞ்சுது. சும்மா சொல்லக் கூடாது, அழகா வேற எழுதியிருந்தா, அதனால இன்னும் எரிஞ்சுது.

மைதீன் சார் மூணு மெயில் குடுத்தாரு. யாரு கோட் மூணையும் திறக்குதோ அதுதான் லைப்ரரிக்குள்ள போகும்னாரு. மொத மெயில்ல ஒரே பெட்டி. ரெண்டு பேரும் படக்குனு திறந்துட்டோம். அப்புறம் ரெண்டாவது மெயில், ரெண்டு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல இருக்கற இடைவெளியை எடுத்துடணும், அது சும்மா வழிக்கு. என்னுது அதையும் எழுத்துன்னு நினைச்சு, வார்த்தைக்கு நடுவுல ஓட்டை போட்டுடுச்சு. மூணாவது மெயில்ல ஏழு பெட்டி. அவளுது சர்ர்ர்ருனு திறந்துச்சு. என்னுது திணறித் திணறி நின்னே போச்சு. சார் கை தட்டினாரு. உங்கம்மா பேரு ஏறுச்சு, என் பேரு இறங்கிடுச்சு.

அன்னிக்குச் சாயங்காலம் அவ என் மேஜைக்கிட்ட வந்தா. "அக்கா, ஒரே எழுத்தைப் பாதியா வெட்டி, ரெண்டு பெட்டியில போட்டு யாராவது அனுப்புவாங்களா?"

அனுப்பக் கூடாதுன்னுதான் விதி. ஆனா பழைய மெஷின் சிலது அனுப்பும், எனக்குத் தெரியும். வெட்டுப்பட்டிருந்தா ரெண்டு பெட்டியையும் ஒரே தட்டுல கொட்டிட்டு அப்புறம் படின்னு என் கோட்ல ஒரு வரியே இருந்துச்சு.

"அனுப்ப மாட்டாங்க"ன்னு சொன்னேன்.

நம்பிட்டா. அக்கான்னு கூப்பிட்டா நம்பிடறதா? அப்படியொரு ஆளு அவ. ம் எங்க?

ம். எங்க ஆபீஸுக்கு வர்ற மெயில்ல, திறக்க முடியாம உடைஞ்சது எல்லாம் ஒரு கூடையில போய் விழும். கூடையைப் பாக்கறது இப்ப என் வேலை. எப்படா ஒண்ணு உடையும், சார்கிட்ட தூக்கிட்டு ஓடலாம்னு தினம் எட்டிப் பாப்பேன். மொத நாள் ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாள், லாட்டரி விழுந்துச்சுன்னு ஒரு பொய் மெயில். மூணாம் நாள் வியாழக்கிழமை. காலையில பாத்தா ஒண்ணு பொத்துனு விழுந்து கெடக்கு. தலையில பாதி தமிழ், பாதி கறுப்புக் கட்டத்துக்குள்ள கேள்விக்குறி. எனக்கு சந்தோஷம் தாங்கல. யாருக்கு வந்ததுன்னு பாத்தேன். உலகம்மாளுக்கே வந்தது. இன்னும் சந்தோஷம்.

உள்ள படிச்சேன். திருநெல்வேலியில இருக்கற அந்தக் குழந்தைங்க இல்லம். உங்களுக்கு போன் போட்டோம், கெடைக்கல. பெண் குழந்தை ஒண்ணு இருக்கு, பதினோரு மாசம். வியாழக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள்ள வந்து பாருங்க, வரலேன்னா அடுத்தவங்களைக் கூப்பிடுவோம்னு எழுதியிருந்துச்சு.

அப்போ மணி பத்து. பஸ்ல போனா ரெண்டு மணி நேரம். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? பேரும் அவளுக்கு, பிள்ளையும் அவளுக்கான்னு தோணுச்சு. எனக்கு ரெண்டும் இல்ல. கூடையை மூடிட்டா யாருக்கும் தெரியாது. மூடினேன். திறந்தேன். மறுபடி மூடினேன். மூணாவது தடவை திறந்தப்போ அந்தப் பதினோரு மாசம் கண்ணுல பட்டுச்சு. பதினோரு மாசம்னா எந்திரிச்சு உக்காரும். யாராவது கதவைத் திறந்தா திரும்பிப் பாக்கும். எனக்கு அதுக்கு மேல மூட முடியல.

எந்திரிச்சுப் போனேன். "உலகு, பாதியா வெட்டியும் அனுப்புவாங்க. எனக்குத் தெரியும், என் கோட்ல அதுக்கு ஒரு வரியே இருந்துச்சு, பொய் சொன்னேன். இந்தா, உன் பொண்ணு."

படிச்சா. தடதடதடன்னு வெறுங்காலோட படி இறங்கினா. பாதிப் படியில நின்னு திரும்ப மேல வந்தா. என்னை அறையப் போறான்னு நினைச்சேன்.

"அக்கா, அந்த ஒரு வரியை இப்பவே போட்டுடுங்க. வேற யாருக்காவது இப்படி ஒண்ணு வந்துட்டிருக்கும்."

சொல்லிட்டுப் போய்ட்டா. பாரு, அந்த நேரத்துலயும் நல்லவளா இருக்கா. அதுக்கும் எனக்கு எரிஞ்சுது.

அப்புறம் அந்த வரியை அவ கோட்ல போட்டேன். உடைஞ்ச மெயிலை அதுல விட்டேன். தலைப்பு முழுசா வந்துச்சு, 'பெண் குழந்தையை நேரில் காண வருதல் தொடர்பாக'ன்னு. ஒண்ணு இருபதுக்கு போன் அடிச்சுது. அந்தப் பக்கம் வீல் வீல்னு ஒரு குழந்தை கத்தற சத்தம்தான். அது நீ. அப்புறம் கையெழுத்து, கோர்ட்டுன்னு ரெண்டு மாசம் அலைஞ்சு உன்னைத் தூக்கிட்டு வந்தா.

இப்போ ஊரே உன்னை உங்கம்மா ஜாடைங்குது. நீயும் முழிச்சவுடனே அவகிட்டதான் ஓடுவ. ஓடு. ஆனா ஒண்ணு சொல்றேன். இந்தத் தென்காசியில உன்னைப் பத்தி மொதல்ல படிச்சது அவ இல்ல, நான். ஒரு பத்து நிமிஷம் நீ இருக்கறது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பத்து நிமிஷத்தை அவளுக்கு நான் தர மாட்டேன்.

என் பேரையே உங்கம்மா உனக்கு வெச்சா. நாச்சி? ம் காணோமே. சரி, கதையை மூடியாச்சு, கண்ணையும் மூடிக்கோ.