தோணியில் இடமில்லை

“பிரளயம் நெசமாவே நடந்துச்சா, இல்ல சும்மா கதையா?”

தோணிமலைக்கு வந்த முதல் நாள் காலையிலேயே மெய்கண்டன் இதைக் கேட்டார். காலில் செருப்பு இன்னும் இருந்தது.

தில்லையம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“செருப்ப அங்க விடுங்கய்யா,” என்றார்.

தில்லையம்மைக்கு நாற்பத்து மூன்று வயது. மலைமேல் இருக்கிற சின்ன மடத்தில் அவர்தான் குரு, அவர்தான் சமையல். கேள்வியோடு வந்தவருக்கு அறுபத்தொன்று. நிலத்தடி நீர் இலாகாவில் முப்பது வருடம் மண்ணைத் தோண்டிப் பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் வயதில் மூத்தவராக இருந்தால் குருவுக்குத்தான் சங்கடம். தில்லையம்மை சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை.

மலையின் புராணம் ரொம்பச் சின்னது. உலகம் முழுக்க நீரில் மூழ்கியபோது ஒரு தோணியில் பதினோரு பேர் ஏறினார்கள். இறைவன் அந்தத் தோணியை இழுத்து வந்து இந்த உச்சியில் நிறுத்தினார். மற்றவர்கள் மாண்டார்கள். அவ்வளவுதான்.

தோணியும் இருக்கிறது. உச்சியில் ஒரு கல் மண்டபம், அதற்குள் இருபதடி நீளத்தில் மரத்தோணி. ஒன்று மக்கிப்போனால் இன்னொன்று செய்து வைப்பார்கள். கடல் அங்கிருந்து ஐம்பது மைல். பக்கத்தில் ஆறு கிடையாது. இரண்டு வருடமாக மழையும் கிடையாது. ஆனாலும் வருடம் தவறாமல் தோணிக்கு எண்ணெய் பூசி, எந்த நேரமும் தண்ணீரில் இறக்கலாம் என்பதுபோல் தயாராக வைத்திருந்தார்கள்.

“நடந்திருந்தா வண்டல் இருக்கணும்மா. மனுசன் பொய் சொல்லுவான், மண்ணு சொல்லாது,” என்றார் மெய்கண்டன்.

தில்லையம்மை எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்துவந்து கொடுத்தார்.

பன்னிரண்டு நாள் தோண்டினார். மலையைச் சுற்றி ஒன்பது குழி. சரளை, சுக்கான்கல், அதற்குக் கீழே பாறை. வெள்ளம் வந்த சுவடே இல்லை.

எட்டாவது குழியில் மட்டும் தினமும் காலையில் ஈரம் இருந்தது. பனி என்று சொல்லிக்கொண்டார். அது பனிக்காலமில்லை. அந்தக் குழியை மட்டும் அவசரமாக மூடிவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் தில்லையம்மையின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“வண்டல் இல்ல. அப்ப கதை பொய்.”

“சரி.”

“ஆனா எல்லா தேசத்துலயும், எல்லா மதத்துலயும் இதே கதை இருக்கு. அப்ப எங்கியோ நடந்துதான் இருக்கணும்.”

“சரி.”

“என்னம்மா, ரெண்டுக்கும் சரிங்கிறீங்க?”

“ரெண்டையும் நீங்கதான சொல்றீங்க.”

மெய்கண்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. “வெளையாடாதீங்க. எனக்குப் பதில் தெரிஞ்சாகணும்.”

தில்லையம்மை அவரை நன்றாகப் பார்த்தார். “தெரிஞ்சு யார்கிட்டய்யா சொல்லணும்?”

அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு வருடத்துக்கு முன் அவர் ஊர் ஆற்றில் வெள்ளம். மீட்க வந்த தோணியில் மெய்கண்டன் ஏறினார். தம்பி தணிகாசலம் ஏறவில்லை. உடல் கிடைக்கவில்லை. தம்பி மனைவி செண்பகவல்லி இன்றைக்கும் பொட்டை அழிக்கவில்லை. தினமும் உலையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போடுகிறாள். வாரம் தவறாமல் மெய்கண்டன் வீட்டு வாசலில் வந்து நின்று ஒரே கேள்வி கேட்கிறாள்.

“‘மாமா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க, என்ன நடந்துச்சு?’ம்பா. தண்ணி இழுத்துட்டுப் போயிருச்சும்மான்னு சொல்லுவேன். சரின்னுட்டுப் போவா. அடுத்த வாரம் திரும்பவும் வந்து நிப்பா.”

“அதுக்கும் பிரளயத்துக்கும் என்ன?”

“சாமியே ஒரு காலத்துல பதினோரு பேர மட்டும் ஏத்திக்கிட்டு மத்தவங்கள விட்டிருக்காருன்னா, அது சத்தியமா நடந்திருந்தா, நான் அவகிட்டத் தைரியமாச் சொல்லுவேன். இது அவரு போட்ட கணக்கு, நம்ம கையில ஒண்ணுமில்லன்னு. அதோட அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. வெறுங்கதைன்னா...”

“வெறுங்கதைன்னா?”

மெய்கண்டன் கடப்பாரை பிடித்துக் காய்த்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

“பதிமூணு நாளாத் தண்ணியப் பத்தியே கேக்குறீங்க,” என்றார் தில்லையம்மை. “மத்தவங்க மாண்டாங்கன்னு ஒரு வரி இருக்கு. அதப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல.”

“செத்தவங்களப் பத்திக் கேக்க என்னம்மா இருக்கு?”

“நாளைக்குக் கைவிலக்கு. தோணிக்குள்ள நீங்க உக்காருங்க.”

கைவிலக்கு என்பது தோணிமலைக்காரர்களின் வழக்கம். வேறெங்கும் இல்லை. அன்று உச்சி வெயிலில் தோணியின் மேல் ஓலைப்பாயைக் கூண்டாகக் கட்டுவார்கள். பாய்க்கும் தோணியின் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். உள்ளே ஒரே ஓர் ஆள். வெளியே புராணம் வாசிப்பார்கள். மற்றவர்கள் மாண்டார்கள் என்ற வரி வந்ததும் வீட்டுக்கு ஒருவராக வந்து விளிம்பைப் பிடிப்பார்கள். உள்ளே இருப்பவர் அந்த விரல்களை எடுத்துவிட்டு, ‘இடமில்லை’ என்று சொல்ல வேண்டும். தொண்ணூற்று நான்கு வீடு, தொண்ணூற்று நான்கு கை.

வெளியூர்க்காரர்தான் உட்காரலாம். ஒரு தடவை தெரியாத்தனமாக உள்ளூர்க்காரரையே உட்கார வைத்துவிட்டார்கள். பங்காளியின் கை வந்தது. மோதிரத்தைப் பார்த்ததுமே யார் என்று தெரிந்துவிட்டது. சடங்குதானே என்று எடுத்துவிட்டார். இருபது வருடமாகியும் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாள் மெய்கண்டன் உள்ளே ஏறி உட்கார்ந்தார். கூண்டுக்குள் எண்ணெய் வாசம். வேர்வை ஊற்றியது. முப்பது வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் இப்படிப் பாய்க்குள் குந்திக்கொண்டிருக்கிறேனே என்று சிரிப்புகூட வந்தது.

மற்றவர்கள் மாண்டார்கள் என்ற வரியோடு வெளியே வாசிப்பு நின்றது.

முதல் கை வந்தது. நிலக்கடலைக் காட்டு மண் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டார்.

“இடமில்லை.”

வளையல் போட்ட கை. பீடி பிடித்துக் கறுத்த கை. முழங்கை வரை பச்சை குத்திய கை. யாரும் பேசவில்லை. முகம் தெரியவில்லை. விரல்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. எந்தக் கையும் தானாக விடவில்லை. இதுதான் அவரைக் கலக்கியது. நடிப்புக்குப் பிடிப்பதுபோல் யாரும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு விரலாக நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

முப்பதுக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபதுக்குப் பிறகு ‘இடமில்லை’ என்று சொல்லும் குரல் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு.

முடிந்தது என்று முதுகைச் சாய்த்தார். வெளியே ஆட்கள் கலைந்து படியிறங்கும் சத்தம் கேட்டது.

அப்போது இன்னொரு கை விளிம்பைப் பிடித்தது.

ஆணின் கை. சில்லிட்டிருந்தது. நெடுநேரம் தண்ணீரில் ஊறி, தோல் வெளுத்துச் சுருங்கிய விரல்கள். சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் சடுகுடு ஆடி ஒடித்துக்கொண்டு, சரியாகக் கூடாமல் போன விரல். அன்றைக்கு அவனை வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அண்ணன் மெய்கண்டன்தான்.

எழுந்து ஓட நினைத்தார். கால் வரவில்லை. ‘இடமில்லை’ என்று சொல்ல வாயெடுத்தார். அதுவும் வரவில்லை.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, எல்லாரும் பந்திக்குப் போயாச்சு. வெளிய வாங்க.” தில்லையம்மையின் குரல் தூரத்திலிருந்து வந்தது.

“அம்மா, இன்னும் ஒரு கை இருக்கு.”

“தொண்ணூத்தி நாலுதான்யா.”

“இருக்கும்மா. பிடிச்சிட்டிருக்கேன்.”

காலடிச் சத்தம் மண்டபத்தின் பக்கம் வந்தது.

“யாரோட கை?”

மெய்கண்டன் பிடியை விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், தோளே கழன்றுவிடும்போல இழுத்தார். அந்தப் பக்கம் ஓர் ஆளின் முழுப் பாரமும் தொங்கியது. பிறகு ஒன்றுமில்லை.

தில்லையம்மை வந்து பாயை விலக்கினார். வெயில் உள்ளே விழுந்தது. தோணியைச் சுற்றி ஒருவரும் இல்லை. மண்டபத்துத் தரை காய்ந்து கிடந்தது.

மெய்கண்டனின் இரண்டு கைகளும் முழங்கை வரை நனைந்திருந்தன. அது வேர்வை இல்லை. ஆற்று வாடை அடித்தது.

“தணிகாசலம் தோணியப் பிடிச்சிட்டாம்மா,” என்றார். “இன்னொருத்தன் ஏறினா கவுந்துரும்னு தோணிக்காரன் கத்தினான். யாரும் அவன்மேல கை வெக்கல. நான்தான் வெச்சேன். ஒவ்வொரு விரலா நான்தான் எடுத்துவிட்டேன். அவன் கத்தக்கூட இல்ல. ‘அண்ணே’ன்னு ஒரே தடவை சொன்னான்.”

அழுதார். நான்கு வருடம் அழாததையெல்லாம் அந்த மத்தியான வெயிலில் அழுதார். தில்லையம்மை தடுக்கவில்லை. தோளைத் தொட்டு ஆறுதலும் சொல்லவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கேட்டார்:

“இத எங்கிட்ட ஏன்யா சொல்றீங்க? வாரா வாரம் வந்து கேக்குறது நானா?”