முதல் நாள் நாடகத்தில் ஒரு நரி

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் மைனா டீச்சர் ஒரு மழலையர் பள்ளி நடத்தி வந்தது. முயல், மான், அணில் என்று காட்டுக் குட்டிகள் பலவும் அங்கே படித்தன. படித்தன என்று சொல்வது கொஞ்சம் அதிகம். பாடின, மண்ணில் புரண்டன, மதியம் தூங்கின.

முதல் நாள்தான் பெரும்பாடு. புதிதாகச் சேரும் குட்டி ஒன்று அழ ஆரம்பித்தால் போதும், எல்லாவற்றுக்கும் தொற்றிக்கொள்ளும். அந்த அழுகையை நிறுத்த வருடா வருடம் ஒரு வரவேற்பு நாடகம் போடுவார்கள். நாடகத்தை எழுதியது கீரி. நடத்துவதும் கீரி. முக்கிய வேஷமும் கீரிக்கேதான்.

கதை இதுதான். திருட்டு நரி ஒன்று பதுங்கிப் பதுங்கி வந்து நீர்க்கோழியின் முட்டையைத் தூக்கும். "ஐயோ, என் முட்டை போச்சே!" என்று நீர்க்கோழி அலறும். உடனே மைனா டீச்சர், "பிள்ளைகளா, திருட்டு நரியை விரட்டுங்க!" என்று குரல் கொடுக்கும். குளத்துப் பாசியில் உருட்டிய ஈர உருண்டைகள் புதுக் குட்டிகளின் கையில் தயாராக இருக்கும். உடம்பெல்லாம் செம்மண் பூசி, நாணல் பூவை வாலாகக் கட்டிய கீரி, அடி வாங்கிக்கொண்டே விழுந்து புரண்டு ஓடும். அழுத குட்டிகள் வயிறு வலிக்கச் சிரிக்கும். அந்த நேரம் பார்த்துத் தாய்மார்கள் நைசாக நழுவிவிடுவார்கள்.

நல்ல நாடகம்தான். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பார்க்க வந்தவர்களில் நரி யாரும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

இந்த வருடம் மைனா டீச்சர் பாறை மேட்டுக்குப் பறந்து போய், நரியின் வளை வாசலில் உட்கார்ந்தது.

"உன் மக செவந்தி இங்க தனியாவே சுத்திக்கிட்டிருக்காளே! பள்ளிக்கு அனுப்பேன்."

"எங்களையெல்லாம் சேர்த்துக்குவீங்களா டீச்சர்?" என்று நரியம்மா கேட்டது. "நண்டும் ஈசலும் தின்னுட்டு நாங்க எங்க பாட்டுக்கு இருக்கோம். ஆனாலும் எங்களைக் கண்டா முயல் வழியை மாத்திக்குது. மான் பேச்சை நிறுத்திடுது. பிள்ளை அங்க வந்து ஒதுங்கி நிக்கணுமா?"

"ஒதுங்க விடுவேனா? நான் பொறுப்பு!" என்றது மைனா.

நரியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தது. "சரி, ஒரு நாள் பார்க்கிறேன். என் பிள்ளை முகம் வாடுச்சுன்னா கூட்டிக்கிட்டு வந்துடுவேன். அப்புறம் நீங்க எத்தனை தடவை பறந்து வந்தாலும் அனுப்ப மாட்டேன்."

மைனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நாடகத்தை மறந்துவிட்டது. நல்ல மனசுக்காரர்களுக்கு இப்படிப்பட்ட மறதி அடிக்கடி வரும்.

முதல் நாள் வந்தது. செவந்தி அழவில்லை. நேராகப் போய் முயல்குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தது. முயல்குட்டி கண்ணை மூடிக்கொண்டு அழுததால், பக்கத்தில் இருப்பது யார் என்று கவனிக்கவில்லை. நரியம்மா மட்டும் நழுவாமல் ஒரு புதர் ஓரமாக நின்றது.

நாடகம் தொடங்கியது. கீரி பதுங்கி வந்தது. குட்டிகள் அழுகையை நிறுத்தின. கீரி வழுக்கி விழுந்தது. குட்டிகள் சிரித்தன. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கீரியின் மகன்தான். அதுவும் அன்றுதான் பள்ளியில் சேர்ந்திருந்தது. செவந்தியும் சிரித்தது. செம்மண் பூசிய அந்த உருவம் தன் இனம் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

"பிள்ளைகளா, திருட்டு நரியை..." என்று மைனா டீச்சர் ஆரம்பித்தது. அப்போதுதான் செவந்தி அதன் கண்ணில் பட்டது. பேச்சு நின்றுவிட்டது. ஆனால் உருண்டைகள் நிற்கவில்லை.

செவந்தியும் எறிந்தது. அதன் உருண்டை சரியாகக் கீரியின் மூக்கில் பட்டது. "திருட்டு நரி! திருட்டு நரி!" என்று எல்லாரோடும் சேர்ந்து அதுவும் கத்தியது.

முயல்குட்டி திரும்பிப் பார்த்தது. "ஏய், உனக்கும் அதே மாதிரி வால் இருக்கே! நீயும் நரிதானே?"

செவந்தி கீரியின் நாணல் வாலைப் பார்த்தது. தன் வாலைப் பார்த்தது. பிறகு வாலை அடியில் மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"நான் எதையும் எடுக்கலையே" என்றது.

நரியம்மா புதரை விட்டு வெளியே வந்தது. "வா செவந்தி, போகலாம்."

"கொஞ்சம் பொறும்மா! தப்பு நடந்துபோச்சு" என்று மைனா பதறியது.

"கூப்பிட்டீங்க, வந்தோம் டீச்சர். அடிக்கறதுக்குக் கூப்பிட்டீங்கன்னு தெரியாமப் போச்சு."

"அட, சும்மா தமாஷும்மா! இது நாடகம்தானே!" என்றது கீரி. "நரின்னா உன்னையா சொன்னோம்?"

"வேற யாரைச் சொன்னீங்கண்ணே?"

கீரி தன் நாணல் வாலைச் சரிசெய்துகொண்டது. மைனா டீச்சர் நீர்க்கோழியின் பக்கம் திரும்பியது. "உண்மையைச் சொல்லு. உன் முட்டையை எந்த நரியாவது எடுத்திருக்கா?"

"நரியா? அது இந்தப் பக்கமே வந்ததில்லையே!"

"அப்ப எடுக்கறது யாரு?"

நீர்க்கோழி கீரியைப் பார்த்தது. உடனே தண்ணீரைப் பார்த்தது. "அழச் சொன்னீங்க, அழுதேன். யாருன்னு இதுவரைக்கும் என்னைக் கேட்டது யாரு?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "கீரியாரே, அந்த வாலை அவிழுங்க! கதைக்குத் திருடன் வேணும்னா உங்க சொந்த முகத்தோடவே நில்லுங்க!"

"நின்னுட்டாப் போச்சு! எனக்கென்ன வெட்கம்? நாடகம்தானே!" என்றது கீரி. குளத்தில் இறங்கிச் செம்மண்ணைக் கழுவியது. வாலை அவிழ்த்து வீசியது. மேடையில் ஏறி, "பிள்ளைகளா, திருட்டுக் கீரியை விரட்டுங்க!" என்று தானே கூவியது.

குட்டிகளுக்கு யாராக இருந்தால் என்ன? ஓர் உருண்டை பறந்து வந்து கீரியின் மார்பில் பட்டது.

"எங்கப்பாவை அடிக்காதீங்க!"

கீரியின் மகன் ஓடி வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. "எங்கப்பா திருடன் இல்ல! அடிக்காதீங்க!" என்று தேம்பித் தேம்பி அழுதது.

"இது நாடகம்தான்டா" என்று சொல்லக் கீரி வாயைத் திறந்தது. சற்று முன் நரியம்மாவிடம் சுலபமாக வந்த அந்த வார்த்தை, சொந்த மகனிடம் வரவில்லை.

கீரி மேடையை விட்டு இறங்கிச் செவந்தியின் முன்னால் போய் நின்றது. "தப்பு பண்ணிட்டேம்மா. உங்க வீட்டுல யாரும் எதையும் எடுக்கலை. முட்டையை எடுத்தது நான்தான்." எல்லார் காதிலும் விழும்படி சொன்னது. இனி அந்தக் கூட்டின் பக்கம் போவதில்லை என்று நீர்க்கோழியிடமும் சொன்னது. அதை நீர்க்கோழி நம்பியதா என்பது வேறு விஷயம்.

முயல்குட்டியின் கையில் இன்னும் ஓர் உருண்டை இருந்தது. "அப்ப இதை எங்க போடறது?" என்று அது விசனமாகக் கேட்டது.

செவந்தி யோசித்தது. "குளத்துல போடு. தண்ணி தெறிக்கும்."

முயல்குட்டி எறிந்தது. பொத்தென்று விழுந்த உருண்டை எல்லார் முகத்திலும் தண்ணீரை வாரி அடித்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று குட்டிகள் கரைக்கு ஓடின. கீரி உட்கார்ந்து பாசியை உருட்டிக் கொடுத்தது. அதன் மகன் மட்டும் மூக்கை உறிஞ்சியபடி ஒதுங்கி நின்றது. செவந்தி எழுந்து போய் அதன் கையில் ஓர் உருண்டையை வைத்து, "நீ முதல்ல போடு" என்றது. எழுந்தபோது வாலை மறைக்கவும் மறந்துவிட்டது.

நரியம்மா வெகுநேரம் நின்று பார்த்தது. "போகலாமா செவந்தி?" என்று மெதுவாகக் கேட்டது.

செவந்தி திரும்பக்கூட இல்லை. "நீ போம்மா. நான் அப்புறமா வர்றேன்!"

ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்து மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பது வரவேற்பு ஆகாது.