இரண்டு வண்டி இடைவெளி

கோணங்கரைக்குப் பேருந்து வருவதில்லை. பேருந்து வேகமாக வருகிறது என்று ஊரார் மனு எழுதி, அதை வராமலே செய்துவிட்டார்கள். அதனால் சங்கிலிமுத்துவின் மகள் பொற்கொடி நர்சிங் கல்லூரிக்கு ஒன்பது கிலோமீட்டர் காரில்தான் போக வேண்டும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஓட்டுநர் தேர்வு. பதினோரு மணிக்குக் கல்லூரியில் முதல் நாள். பதினெட்டு வயதுப் பெண்ணைப் பத்திரமாக ஓட்டவைக்கும் பொறுப்பைக் குடும்பமே ஏற்றுக்கொண்டது.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஓட்டும்போது போனைத் தொடாதே. முன்னால் போகும் வண்டிக்கும் உனக்கும் நடுவே இரண்டு வண்டி நிற்கிற அளவு இடம் விடு.

முதலாவது சுலபம். ஓட்டிப் பழகும்போது போன் அடித்ததும், தாய்மாமன் வெள்ளத்துரை பின்சீட்டிலிருந்து எட்டி, அதை அவள் காதில் வைத்துப் பிடித்தார். அவர் கை அவள் கண்ணை மறைத்ததில் கார் ஒரு வைக்கோல் போருக்குள் போய் நின்றது.

"போனைத் தொட்டியா, பாப்பா?" என்றார் சங்கிலிமுத்து.

"இல்லப்பா."

"அப்ப தப்பு நம்ம மேல இல்ல."

இரண்டாவதற்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

"ரெண்டு வண்டி அளவுன்னா எவ்வளவு, மச்சான்?" என்று வெள்ளத்துரை கேட்டார்.

"கண்ணால அளந்தா தப்பிரும், மாப்ளே. வண்டிய வச்சே அளந்துருவோம்."

முன்னால் போன பால்வண்டிக்கும் காருக்கும் நடுவே இரண்டு ஆட்டோக்களை ஓடவிட்டார்கள். அளவு கச்சிதமாக இருந்தது. கால் கிலோமீட்டர் போனதும் வெள்ளத்துரையின் முகம் வாடியது.

"மச்சான், இப்ப நமக்கு முன்னால போறது எது?"

"ஆட்டோ."

"ஆட்டோவுக்கும் நமக்கும் நடுவுல?"

சங்கிலிமுத்து எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லையே! பிள்ளைய கொன்னுருப்போமே, மாப்ளே!"

ஆட்டோவுக்குப் பின்னால் இரண்டு டிராக்டர்கள் சேர்ந்தன. டிராக்டருக்குப் பின்னால் இரண்டு மீன்வண்டிகள். இப்படியே சேர்ந்து, திங்கட்கிழமை காலையில் ஊர்க்குளத்தைச் சுற்றியுள்ள சாலை நிறைந்துவிட்டது.

தேர்வு எடுக்க வந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் காரில் ஏறி, "குளத்த ஒரு சுத்து சுத்தி வாம்மா" என்றார். பொற்கொடி பத்தடி போய் நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"முன்னால உள்ள வண்டி நகரல, சார்."

"அது என் ஜீப்பாச்சே!"

ஜீப்பிலிருந்து வெள்ளத்துரை தலையை நீட்டினார். "ஜோடிக்கு ஒண்ணு குறைஞ்சுது, சார். சாவி வண்டியிலயே இருந்துச்சு."

"எடும்யா வண்டிய!"

"முன்னால உள்ளது நகரட்டும், சார்."

இன்ஸ்பெக்டர் இறங்கி, வரிசையின் தலையைத் தேடி நடந்தார். ஒவ்வொரு வண்டியிலும் அதே பதில். குளத்தைச் சுற்றிவந்து பால்வண்டியைப் பிடித்தார். "எனக்கு முன்னால ஒரு கார் நிக்குது, சார்" என்றார் பால்காரர். அந்தக் காரில் பொற்கொடி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தேர்வுத் தாளை எடுத்தார். "நீ யாரையும் இடிக்க வழியே இல்லம்மா" என்று சொல்லி, தேறிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு நெடுஞ்சாலையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

மணி ஒன்பது. பொற்கொடி அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, காரைப் பூட்டிவிட்டு, கல்லூரிக்கு நடந்தே கிளம்பினாள்.

"நில்லு பாப்பா!" சங்கிலிமுத்து பதறி ஓடிவந்தார். "முன்னால ஆள் போறாரு பாரு!"

இன்ஸ்பெக்டருக்கும் பொற்கொடிக்கும் நடுவே சங்கிலிமுத்துவும் வெள்ளத்துரையும் நடந்தார்கள். அளவு கச்சிதமாக இருந்தது.

கால் கிலோமீட்டர் போனதும் வெள்ளத்துரையின் முகம் வாடியது.