ஈசல் கிளம்பட்டும்!

ஒரு குளத்தின் மூலையில் தலைப்பிரட்டைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. தாளாளர், ஆமை. வார்டன், கொக்கு. கொக்கை யார் வார்டன் ஆக்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். குளத்திலேயே யாரும் கேட்கவில்லை!

செவத்தி என்ற தவளை மகளைப் பார்க்கப் போனாள். கோரை வேலிக்குள்ளே பூவிழிக்குப் பாதி வால்தான் இருந்தது.

"வார்டன் கொத்துறாரும்மா! அழுதா இன்னும் கொத்துறாரு!"

செவத்தி போட்ட கூச்சலில் குளத்துத் தவளைகள் அத்தனையும் கூடிவிட்டன. "பிள்ளைகளை வெளியே விடு! கொக்கே, ஓடிப் போ!"

ஆமை தலையை மட்டும் நீட்டியது. "விசாரணை நடக்குது. முடியிற வரைக்கும் பிள்ளைங்க உள்ளேதான் இருக்கணும். அதோட, தலைப்பிரட்டைக்கு வால் எப்படியும் விழத்தானே போகுது?"

"அப்படியா தாளாளரே? உங்க ஓட்டைக் கொஞ்சம் கழற்றிக் கொடுங்க. அதுவும் ஒருநாள் கழலத்தானே போகுது!" என்றாள் செவத்தி.

ஆமை தலையை இழுத்துக்கொண்டது. உள்ளே கொக்கு நடுங்கியது.

"பயப்படாதே," என்றது ஆமை. "ஈசல் கிளம்பட்டும்."

மறுநாளே ஈசல் கிளம்பியது. விடுதி வாசல் காலி!

செவத்தி ஓடினாள். "பெரியப்பா, என் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கா!"

பெரியப்பா தவளை வாய் நிறைய ஈசலோடு திரும்பியது. "நேத்தே தொண்டை கிழியக் கத்தினோமே, தாயி! அது இன்னும் முடியலையா?"

செவத்திக்கு ஆத்திரம் பொங்கியது. விழுங்கிக்கொண்டாள்.

"நல்லா சாப்பிடுங்க. ஆனா எல்லாரும் ஒண்ணா கத்தி ஒண்ணா ஓய்ஞ்சா, அவங்களுக்குத்தானே வசதி? முறை வைப்போம். ஒருத்தர் கத்தட்டும், மத்தவங்க சாப்பிடட்டும்!"

பெரியப்பா யோசித்தது. ஈசலும் உண்டு, நியாயமும் உண்டு. கசக்குமா என்ன? முதல் முறையை அதுவே எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து வாசலில் எப்போதும் ஒரே ஒரு தவளை. "பிள்ளைகளை எப்போ விடுவீங்க?" குரல் சின்னதுதான். ஆனால் இரவும் பகலும் நிற்கவில்லை. ஈசல் காலம் முடிந்தது. குரல் முடியவில்லை.

"இன்னுமா?" என்று எட்டிப் பார்த்தது ஆமை.

"இன்னும்தான்!"

கடைசியில் ஆமையே கதவைத் திறந்து, கொக்கைக் குளத்தை விட்டுத் துரத்தியது. நியாயத்துக்காகவா? சேச்சே, தூக்கத்துக்காக! செவத்திக்கு அதைப் பற்றி என்ன கவலை? பூவிழி நீந்தி வந்து அவள் மடியில் முட்டினாள்.

கொடுமைக்காரர்கள் நம் கோபத்துக்கு அஞ்சித் திருந்துவதில்லை, அது ஆறட்டும் என்றே காத்திருக்கிறார்கள். ஆகவே முறை வைத்தாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.