அணையப் போகும் நாற்பது விளக்குகள்

ஆற்றைக் கடக்கப் படகை விட்டால் வேறு வழியே இல்லாத ஒரு காலத்தில், நீலவாய் நாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. மந்திரி அம்பலவாணர் இளவயதிலிருந்தே அவர் கூட இருந்தவர். அதனால் ராஜாவின் எந்தப் பேச்சு நிற்கும், எது நிற்காது என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் ராஜாவுக்கு விளக்குப் பைத்தியம் பிடித்தது. காரணம் இருந்தது. போன ஐப்பசிக் காற்றில் படகுத்துறை விளக்கு அணைந்து, கரை தெரியாமல் ஒரு படகு பாறையில் மோதி ஏழு பேர் போய்விட்டார்கள். 'காற்றில் அணையாத விளக்கை ஆராய்ந்து செய்கிறவருக்கு அரண்மனை செலவு கொடுக்கும்' என்று தண்டோரா போட்டார்கள். உடனே கொடுத்துவிடுவார்களா? என்ன செய்யப் போகிறாய், எப்படிச் செய்வாய், எவ்வளவு ஆகும் என்று விவரமாக ஓலை எழுத வேண்டும். அதையும் நாலு பிரதி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்திலும் அப்படித்தான் ஐயா.

ஓலைகளைச் சரிபார்த்தவர் விரூபாட்சி. மந்திரி பதவி தனக்குக் கிடைக்கவில்லையே என்று இருபது வருஷமாக வயிறெரிந்துகொண்டிருந்தவர். வந்த முப்பதில் இருபத்தெட்டை 'ஓரம் சரியாக நறுக்கவில்லை' என்று தள்ளிவிட்டார். மீதி இரண்டில் ஒன்று அவருடைய மருமகன் எழுதியது. இன்னொன்று படகுக்காரி காத்தாயியுடையது. சபையில் படித்துச் சிரிக்கலாம் என்றே அதை எடுத்து வைத்திருந்தார். செத்த ஏழு பேரில் அவள் தம்பியும் ஒருவன்.

"மகாராஜா, இந்த அம்மாள் போட்டிருக்கும் செலவைக் கேளுங்கள்" என்றார் விரூபாட்சி. "அணையப் போகும் விளக்குகள், நாற்பது. அதற்கு இருபது வராகன். என் மருமகன் எழுதியதையும் பாருங்கள். ஒரே விளக்கு. முதல் விளக்கே நிற்கும். வீண் செலவு என்ற பேச்சே இல்லை."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார். "ஏம்மா, கெட்டுப்போவதற்கும் அரண்மனைப் பணமா?"

"ஆமாம் சாமி" என்றாள் காத்தாயி. "காத்து எப்படியெல்லாம் வரும்னு விளக்கை வெச்சுப் பார்த்தாத்தானே தெரியும். ஒண்ணுலயே முடிச்சிடுவேன்னு எழுத எனக்குக் கை வரலை. அடுத்த ஐப்பசிக்குள்ள ஒரு விளக்கு நிக்கணும் சாமி. அவ்வளவுதான்."

ராஜா மருமகனின் ஓலையை எடுத்து முத்திரையைக் கையில் பிடித்தார். அம்பலவாணருக்கு மனசு கேட்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் குதிரை லாயத்து மூலையில் கரி படிந்த கையோடு, அன்று இளவரசராயிருந்த ராஜாவும் அவரும் விளக்கு செய்தது நினைவுக்கு வந்தது. இலுப்பெண்ணெய் வாசனை, பேச்சு, சண்டை, மறுபடி பேச்சு. என்ன நாட்கள் அவை. 'இது அணையவே அணையாது' என்று இளவரசர் சூளுரைத்து, அந்தியில் இருவரும் படகேறியதும் நினைவு வந்தது. அந்த இளவரசர் எங்கே போனார் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது.

"மகாராஜா, முத்திரை வைக்கும் முன் ஒரு விண்ணப்பம்" என்றார். "மருமகன் மாதிரிக்கு ஒரு விளக்கு செய்து வைத்திருக்கிறாராம். இன்று அந்தியில் அந்த ஒரே விளக்கோடு விரூபாட்சி ஆற்றைக் கடக்கட்டும். புறப்படும்போது தாங்களே பொன்னாடை போர்த்தி அனுப்புங்கள்."

"தாராளமாக" என்றார் விரூபாட்சி. சபை நடுவில் வேறென்ன சொல்வது?

அந்தியில் துறையில் கூட்டம். காற்று ஏறிக்கொண்டிருந்தது. விரூபாட்சி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். ராஜா கையால் மரியாதை வாங்குகிறவர் மேலாடையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வது அந்நாட்டு வழக்கம். பொன்னாடையை விரித்துக்கொண்டு ராஜா காத்திருந்தார்.

"சளி பிடித்திருக்கிறது மகாராஜா. இப்படியே..."

"வழக்கம் வழக்கம்தானே" என்றார் அம்பலவாணர்.

வேறு வழியில்லாமல் விரூபாட்சி சால்வையை நெகிழ்த்தினார். உள்ளே கட்டியிருந்த மடி அவிழ்ந்து, பொலபொலவென்று ஐந்து அகல்கள், திரிக்கட்டு, எண்ணெய்க் குப்பி, சிக்கிமுக்கிக் கல் எல்லாம் படிக்கட்டில் உருண்டன.

"இவரும் அணையப் போகும் விளக்குக்கு இடம் விட்டிருக்கிறார்" என்றார் அம்பலவாணர். "ஓலையில் எழுதவில்லை, மடியில் வைத்திருக்கிறார். காத்தாயி எழுதிவிட்டாள்."

ராஜா சிரிக்கவில்லை. உருண்ட அகல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். "நடு ஆற்றில் என் விளக்கு அணைந்தபோது உன் மடியில் மூன்று இருந்தன, அம்பலவாணா" என்றார். 'நீ' என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மந்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

காத்தாயி கேட்டது முழுதும் கிடைத்தது. தள்ளிய இருபத்தெட்டு ஓலைகளையும் சபையில் உரக்கப் படிக்கும் வேலை விரூபாட்சிக்கு வந்தது. இனி எந்த ஓலையிலும் 'அணையப் போவது எத்தனை' என்ற வரி இல்லாவிட்டால் செல்லாது என்றும் ராஜா சொன்னார். அந்தப் பேச்சு மாறாமல் நின்றது.

நாற்பத்து மூன்று விளக்குகள் அணைந்தன. நாற்பத்து நாலாவது ஐப்பசிக் காற்றில் அசையாமல் நின்று எரிந்தது. முதல் படகில் ராஜாவும் மந்திரியும் போனார்கள், காத்தாயி துடுப்புப் போட்டாள்.

பாதி ஆற்றில் ராஜா மெல்லக் கேட்டார். "மடியில் எத்தனை வைத்திருக்கிறாய்?"

"மூன்று" என்றார் அம்பலவாணர், கொஞ்சம் வெட்கத்தோடு.

ராஜா தன் இடுப்பைத் தடவி ஓர் அகலை எடுத்துக் காட்டினார். "என்னிடம் ஒன்று இருக்கிறது" என்றார்.